மணிக்கு மணி தெரியாது!

நாய்க்குட்டி வீட்டுக்கு வரும் தினம் இருக்கிறதே, அது பாதி தீபாவளி, பாதி நாமகரணம்! யார் மடியில் முதலில் படுத்துக்கொள்வது என்று ஒரு சண்டை. என்ன பெயர் வைப்பது என்று இன்னொரு சண்டை. எதிர் ஃபிளாட் குழந்தைகள், மாடி வீட்டு மாமி, இஸ்திரி போடுகிறவர் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். "என்ன கண்ணு, என்ன காது!" என்று ஒரே கொண்டாட்டம். டைகர், ராக்கி, புரூனோ என்று பெரிய பெரிய பெயர்களையெல்லாம் யோசித்துவிட்டுக் கடைசியில், பாட்டியின் வாயில் நுழைய வேண்டுமே என்பதற்காக 'மணி' என்று முடிவாகிறது.

இதெல்லாம் முதல் நாள். இரண்டாம் நாள் காலையில் ஹாலில் ஒரு சின்னக் குளம். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில்... வேண்டாம், காப்பி குடித்துக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள். பத்தாம் நாள், குட்டி வேண்டுமென்று அழுது அடம் பிடித்த பையனுக்குப் பரீட்சை வந்துவிடுகிறது. "சரி, வாங்கிக்கொள்ளட்டுமே" என்று பெருந்தன்மையோடு தலையாட்டிய வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வேலை அதிகமாகிவிடுகிறது. துடைப்பமும் வாளியும் இப்போது யார் கையில்? சொல்லவும் வேண்டுமா, சகோதரிகளே! உங்கள் கையில்தான். இல்லையென்றால், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறாரே, அந்த அம்மாளின் கையில். "நாய் வேலைக்கெல்லாம் நான் பேசலையேம்மா" என்று அவர் சொன்னால், அது நியாயந்தானே?

இப்படியே இரண்டு மாதம் போகும். பிறகு ஒரு நாள் ராத்திரி, "யாருக்காவது கொடுத்துவிடலாமே" என்று ஒரு பேச்சு எழும்பும். ஆனால் அதற்குள் குட்டி வளர்ந்துவிட்டிருக்கும். பஞ்சுப் பந்து மாதிரி இருந்தது போய், காலும் வாலும் நீண்டு கோணல்மாணலாக நிற்கும். வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை நீங்களே உங்கள் தெருவில் பார்த்திருக்கலாம். கழுத்தில் பட்டை இருக்கும். பக்கத்தில் மனுஷர் இருக்க மாட்டார். வருகிற ஒவ்வொரு காரையும் ஆசையோடு எட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு நாய் நிற்கும்.

பட்டினியும் தாகமுமாகத் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் பிறக்கத் தூண்டுகோலாக இருந்தவர் ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி, ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்தபோது கொண்டுவந்த மசோதாவிலிருந்து தொடங்கிய காரியம் அது. ஆனால் சட்டம் வரைக்கும் போவானேன்? ஹாலில் தேங்கிய அந்தச் சின்னக் குளத்தை முதல் மாதத்திலேயே வற்ற வைத்துவிட்டால், நாய் வீட்டில் இருக்கும். வீட்டில் நிம்மதியும் இருக்கும்.

அதற்கு வழி ஒன்றே ஒன்றுதான். மணிக்கு மணி பார்க்கத் தெரியாது. நாம்தான் அதற்காகப் பார்க்க வேண்டும்.

வயிற்றுக் கணக்கு

பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கக்கூடத் தெரியாது. தாய் நாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும். அந்த அசுத்தத்தையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். சுமார் மூன்று வாரம் ஆனதும், குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு நகர்ந்துபோய்க் கழிக்கத் தொடங்குகிறது. படுக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. எட்டு ஒன்பது வாரத்தில், 'நமக்கு இந்த மாதிரி இடந்தான் பிடிக்கும்' என்று ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ள ஆரம்பிக்கிறது. மண்ணில் பழகியது மண்ணைத் தேடும். துணியில் பழகியது கால்மிதியைத் தேடும்.

இதனால்தான் குட்டியை அவசரப்பட்டுத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறார்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசாங்கம் விதியே செய்திருக்கிறது. முப்பத்தைந்தாம் நாளில் "தூக்கிக்கொண்டு போங்கள்" என்று ஒருவர் நீட்டினால், கை நீட்டாதீர்கள். தாய் நாய் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாதிப் பாடத்தையும் உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

குட்டி எவ்வளவு நேரம் அடக்கிக்கொள்ளும்? சுலபமான கணக்கு ஒன்று உண்டு. அதன் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டி 3 மணி நேரம். மூன்று மாதக் குட்டி 4 மணி நேரம். அதுவும் தூங்கும்போதுதான் இந்தக் கணக்கு செல்லும். விழித்துக்கொண்டு குதித்து விளையாடுகிற குட்டிக்கு ஒரு மணி நேரமே அதிகம். சில குட்டிகளுக்கு அரை மணிதான்.

இதைத் தவிர, தவறவே கூடாத வேளைகள் மூன்று: தூங்கி எழுந்தவுடன்; சாப்பிட்டு ஐந்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள்; விளையாடி முடித்ததும். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்குவது இயற்கை. கைக்குழந்தையை வளர்த்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை!

சாப்பாட்டு வேளை சரியாக இருந்தால் மற்ற வேளையும் சரியாக இருக்கும். மூன்று மாதம் வரையில் நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரையில் மூன்று வேளை, அதற்குமேல் இரண்டு வேளை போதும். போகிற போதும் வருகிற போதும் ஆளுக்கொரு பிஸ்கட் போட்டால், குட்டியும் போகிற போதும் வருகிற போதும் தன் காரியத்தைச் செய்யும். பசும்பால் விஷயத்திலும் ஜாக்கிரதை. பல குட்டிகளுக்கு அது ஜீரணமாகாமல் வயிற்றுப்போக்கு ஆகிவிடும். டம்ளர் டம்ளராகப் பாலை ஊற்றிவிட்டுப் பிறகு குட்டிக்குச் சுத்தமே இல்லை என்று சொல்வது தர்மமா?

இடம் எது?

தனி வீடும் தோட்டமும் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். தோட்டத்தில் ஒரு மூலையைக் காட்டி, ஒவ்வொரு தடவையும் அங்கேயே கொண்டுபோய் விட்டால் ஆயிற்று. மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்வது? "தெருவுக்கு அழைத்துப் போகலாமே" என்பீர்கள். அங்கேதான் ஒரு சங்கடம். குட்டிகளுக்குப் 'பார்வோ' என்று ஒரு பொல்லாத வியாதி வருகிறது. ரத்த வாந்தியும் ரத்தபேதியுமாகி, சிகிச்சை தாமதித்தால் சில நாட்களில் குட்டி போய்விடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகையால், தடுப்பூசி வரிசை முடியும் வரையில், அதாவது சுமார் நான்கு மாதம் ஆகும் வரையில், பல நாய்கள் நடமாடும் தெரு மண்ணில் குட்டியை விட வேண்டாம். மொட்டை மாடியோ பால்கனியோதான் சரி.

பால்கனியில் ஓர் அகலமான பிளாஸ்டிக் தட்டை வைத்து, அதில் மண்ணை நிரப்புங்கள். அல்லது நர்சரியில் விற்கிற புல் பத்தையை வாங்கிப் போடுங்கள். பின்னால் தெருவுக்கு அழைத்துப் போகும்போது, மண்ணும் புல்லும் பழகிய குட்டிக்கு இடம் புரிந்துவிடும். பழைய செய்தித்தாள் விரிப்பதும் வழக்கந்தான். மலிவு, சுலபம். ஆனால் அதில் ஒரு விபரீதம் உண்டு. காகிதத்தில் பழகிய குட்டிக்கு, தரையில் கிடக்கும் காகிதமெல்லாம் ஒன்றுதான். சின்னவளின் வீட்டுப்பாட நோட்டு, வீட்டுக்காரரின் ஆபீஸ் கடிதம், ஏன், தொடர்கதை பாதியில் நிற்கிற இந்தப் பத்திரிகை, எதுவும் அதற்குப் பேதமில்லை!

இடத்துக்குக் கொண்டுபோனதும் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த வார்த்தை வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். பாட்டி "போயிட்டு வா", அம்மா "சீக்கிரம்", பையன் "கமான்" என்று ஆளுக்கொன்று சொன்னால், குட்டி முகத்தை முகத்தைப் பார்க்குமே தவிர, காரியம் நடக்காது. முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே நின்று தட்டிக்கொடுத்து, ஒரு சின்னத் தின்பண்டம் கொடுங்கள். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது நினைத்துக்கொள்ளும்.

பெட்டியா, சிறையா?

இப்போது கடைகளில் 'கிரேட்' என்று ஒன்று விற்கிறார்கள். கம்பி போட்ட, மடக்கி வைக்கக்கூடிய பெட்டி. அதைப் பார்த்ததுமே மாமியார், "ஐயையோ, வாயில்லா ஜீவனைக் கூண்டிலே போட்டு அடைக்கவா?" என்பார். அவர் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஸ்வீடன், ஃபின்லாந்து தேசங்களில், பிரயாணம் முதலிய காரணங்கள் இல்லாமல் வீட்டில் நாயைக் கூண்டில் அடைத்து வைப்பது சட்டத்துக்கு விரோதம். அமெரிக்காவிலோ இது சர்வசாதாரணம். இரண்டு தேசத்தாரும் நாயிடம் பிரியமுள்ளவர்கள்தான். ஆகவே, அந்தப் பெட்டியை எதற்காக, எவ்வளவு நேரம் உபயோகிக்கிறோம் என்பதில்தான் பாவ புண்ணியம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற குட்டியின் பிறவிக் குணத்தை முன்பே சொன்னேன் அல்லவா? பெட்டி அந்தக் குணத்துக்குத் துணை செய்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அடுப்படியில் கை வேலையாக இருக்கும் இருபது நிமிஷம் குட்டி அதில் படுத்திருக்கும். வேலை முடிந்ததும் நேரே இடத்துக்குப் போகும். இடையில் சோபாவுக்குப் பின்னால் போய்வரச் சந்தர்ப்பம் கிடைக்காது.

பெட்டியின் அளவு முக்கியம். குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும், அதற்குமேல் வேண்டாம். பெரிய பெட்டியாக இருந்தால், ஒரு பக்கம் படுக்கை அறை, மறு பக்கம் குளியலறை என்று அது பிரித்துக்கொள்ளும்! வளர்ந்த நாட்டு நாய்க்குச் சுமார் 36 அங்குல நீளம், ராஜபாளையத்துக்கும் லாப்ரடாருக்கும் 42 அங்குலத்துக்குக் குறையாமல் தேவைப்படும். நடுவில் தடுப்புப் போட்டுக்கொள்ளக்கூடிய பெட்டியாகப் பார்த்து வாங்கினால், குட்டி வளர வளரத் தடுப்பை நகர்த்திக்கொண்டே போகலாம். இரண்டாம் தடவை செலவில்லை.

நம் ஊர் வெயிலுக்குக் காற்றோட்டமுள்ள கம்பிப் பெட்டியே உத்தமம். வெயில் விழுகிற பால்கனியில் வைக்கவே கூடாது. ஹாலில், மின்விசிறிக் காற்றுப் படும் மூலையில், வீட்டு மனுஷர்கள் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். ராத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில். உள்ளே விடுமுன் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும்; கம்பியில் மாட்டிக்கொண்டால் ஆபத்து.

முதல் நாளே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் அது சிறைதான், சந்தேகமில்லை. கதவைத் திறந்தே வைத்து, உள்ளே பழம்புடவையை மடித்துப் போட்டு, இரண்டு பிஸ்கட் துண்டுகளை வீசுங்கள். தானாகப் போகட்டும், தானாக வரட்டும். இரண்டாம் நாளிலிருந்து சாப்பாட்டை உள்ளேயே வையுங்கள். சாப்பிடுகிற நேரம் மட்டும் கதவைச் சாத்தி, முடித்ததும் திறந்துவிடுங்கள். பிறகு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி. ஒரு வாரத்தில் தூக்கம் வந்தால் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். தப்புச் செய்ததற்குத் தண்டனையாக ஒரு தடவைகூட அதில் போடாதீர்கள். போட்டால் ஒரு வாரத்து உழைப்பு ஒரு நிமிஷத்தில் பாழ்.

பகலில் தொடர்ந்தாற்போல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் சின்னக் குட்டி பெட்டியில் இருக்கலாகாது. வீட்டில் இருவரும் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்களா? அப்படியானால் பெட்டி உங்களுக்குப் பரிகாரம் ஆகாது. மத்தியானம் வந்து பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அல்லது குட்டி ஆசையை விட்டுவிட்டு, வளர்ந்த நாயாக ஒன்றைத் தத்தெடுங்கள். சென்னையில் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற இடங்களில், ஒரு வீடு கிடைக்காதா என்று காத்திருக்கும் வளர்ந்த நாய்கள் எத்தனையோ! பெரிய நாய்க்கு அடக்கிக்கொள்ளும் சக்தி உண்டு. பாடமும் சீக்கிரம் ஏறும்.

இந்தப் பெட்டிப் பழக்கம் பின்னாலும் கைகொடுக்கும். தீபாவளி வெடிச் சத்தத்தில் நடுங்குகிற நாய்க்கு, போர்வை போட்டு மூடிய தன் பெட்டி ஒரு பங்கர் மாதிரி. வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவோ, ரயிலில் கார்டு வண்டி நாய்ப்பெட்டியில் ஊருக்கு அழைத்துப் போகவோ நேர்ந்தால், 'பெட்டி' என்றாலே பயப்படாத நாய் உங்களுக்கு எவ்வளவு உபகாரம் என்று அப்போது தெரியும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

இரண்டரை மாதக் குட்டிக்கு ஒரு மாதிரி அட்டவணை சொல்கிறேன். உங்கள் வீட்டு நடைமுறைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

காலை 5-30: பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன் குட்டியை எடுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டே இடத்துக்குப் போக வேண்டும். நடக்க விட்டால் வழியிலேயே காரியம் முடிந்துவிடும்!

6-30: சாப்பாடு. 6-45-க்கு மறுபடியும் இடம். பிறகு குழந்தைகளோடு கொஞ்சம் விளையாட்டு.

7-30: இடம், பிறகு பெட்டி. டிபன் டப்பா, ஸ்கூல் வேன் என்று வீடு அமளிப்படும் ஒன்றரை மணி நேரம் குட்டி தூங்கட்டும்.

9-00: இடம், விளையாட்டு. 11-00: சாப்பாடு, இடம், தூக்கம்.

பிற்பகல் 1-30: எழுந்ததும் இடம். 3-30: சாப்பாடு, இடம். குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவர்கள் பொறுப்பு.

இரவு 7-30: கடைசிச் சாப்பாடு, இடம். அதன்பின் டெலிவிஷனில் தொடர் பார்க்கிறவர்கள், விளம்பரம் வரும் ஒவ்வொரு தடவையும் குட்டியைப் பால்கனிக்கு அழைத்துப் போகலாம். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

10-30: கடைசியாக ஒரு தடவை. பிறகு பெட்டியில் தூக்கம். பகலில் தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். படுக்கைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்தால் போதும்.

நடு இரவில் குட்டி முனகினால், அடம் பிடிக்கிறது என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாதீர்கள். படுக்கையை அசுத்தம் செய்ய மனமில்லாமல்தான் உங்களைக் கூப்பிடுகிறது. விளக்கைப் பெரிதாகப் போடாமல், கொஞ்சாமல், பேசாமல், இடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, மறுபடியும் படுக்க விடுங்கள். சில வாரங்களில் இந்த இரவு யாத்திரை நின்றுவிடும்.

இன்னொரு யோசனை. பால் கணக்கு எழுதும் காலண்டரில் குட்டியின் கணக்கையும் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்குப் போயிற்று, எங்கே தவறிற்று? ஒரு வாரத்துக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேளையில் நடந்திருக்கும். அந்த வேளையில் வீட்டில் யாரும் குட்டியைக் கவனிக்கவில்லை என்பதும் தெரியவரும்.

அடித்தால் புரியாதா?

புரியாது. மூக்கைப் பிடித்து அந்த ஈரத்தில் தேய்ப்பது நம்மில் பலருக்கு வழக்கம். குட்டிக்கு அதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: இந்த மனுஷர் முன்னால் போகக் கூடாது, கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும்! பிறகு பால்கனியில் அரை மணி நேரம் நீங்கள் காத்து நின்றாலும், உங்கள் எதிரில் அது போகாது.

"தப்புச் செய்தது அதற்கே தெரிகிறதே! தலையைக் குனிந்துகொண்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறதே!" என்பீர்கள். நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்டிரா ஹோரோவிட்ஸ் என்ற அம்மையார் இதைச் சோதித்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார். 14 நாய்களின் எதிரில் தின்பண்டத்தை வைத்து, தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு எஜமானர்கள் வெளியே போனார்கள். திரும்பி வந்தவர்களிடம், சில தடவை உண்மையும் சில தடவை பொய்யும் சொல்லப்பட்டது. முடிவு என்ன? தின்னாத நாயானாலும், திட்டு விழுந்தபோது அதே குற்றவாளி முகத்தைக் காட்டிற்று! அந்த முகம் நம்முடைய கோபத்தைக் கண்டு வருகிறது. சிறிது நேரத்துக்கு முன் ஹாலில் நடந்ததற்கும் இப்போது விழும் அடிக்கும் முடிச்சுப் போடக் குட்டிக்குத் தெரியாது.

நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், மெதுவாக ஒரு கை தட்டித் தூக்கிக்கொண்டு இடத்துக்குப் போங்கள். மிச்சத்தை அங்கே முடித்தால் பாராட்டுங்கள். நடந்து முடிந்த பிறகு பார்த்தால், ஒரு வார்த்தை பேசாமல் துடைத்துவிடுங்கள்.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஃபினாயில் போட்டு மெழுகினால் நம் மூக்குக்குத்தான் சுத்தம். குட்டியின் மூக்குக்குப் பழைய வாசனை அப்படியே இருக்கும். 'நம் இடம் இதுதான்' என்று மறுபடியும் அங்கேயே வரும். முதலில் பழந்துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு இதற்கென்றே விற்கிற என்சைம் கலந்த திரவத்தைத் தெளித்துக் காயவிடுங்கள். டைல்ஸ் தரையானால் வினிகர் கலந்த தண்ணீரும் உதவும். சலவைக்கல், மொசைக் தரையில் வினிகர் வேண்டாம், பளபளப்புப் போய்விடும். சிறுநீரின்மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது. மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவக்கூடும். ஆகையால் துடைக்கிறவர் கையுறை போட்டுக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குட்டிக்குத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் டாக்டர் சொன்ன கணக்கில் தவறாமல் போகட்டும்.

யாருடைய வேலை?

இந்தக் கட்டுரையில் மிகவும் கஷ்டமான பாகத்துக்கு வந்திருக்கிறேன். குட்டியைப் பழக்குவது சுலபம்; வீட்டாரைப் பழக்குவதுதான் சிரமம்.

மேலே கொடுத்த அட்டவணையை மறுபடியும் பாருங்கள். நாளைக்குச் சுமார் பத்துத் தடவை யாராவது எழுந்து போக வேண்டும். அந்தப் பத்தும் ஒரே ஆளின் தலையில் விழுந்தால், அவருக்கு முதலில் அலுப்பு வரும். பிறகு கோபம் வரும். கடைசியில் அந்தக் கோபம் குட்டியின்மேல் விழும். 'யாருக்காவது கொடுத்துவிடலாமே' என்ற பேச்சு அநேகமாக அங்கேதான் பிறக்கிறது. ஆகவே குட்டி வருவதற்கு முன்பே, ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதிக் குளிர்ப்பெட்டியின்மேல் ஒட்டிவிடுங்கள். விடியற்காலை வீட்டுக்காரர். சாயங்காலம் பையன், பரீட்சை வந்தாலும் பையன்தான், ஐந்து நிமிஷத்தில் மார்க்குக் குறைந்துவிடாது. ராத்திரி கடைசித் தடவை பெரியவள். மத்தியானம் நீங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாட்டிக்கும் ஓர் உத்தியோகம் உண்டு. குட்டி தரையை மோப்பம் பிடித்துக்கொண்டு வட்டமடித்தால், "போறது, போறது!" என்று குரல் கொடுப்பது அவர் வேலை! பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளிடம் அவர் சம்மதமில்லாமல் இதைச் சுமத்த வேண்டாம். சம்மதித்தால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

எழுதி ஒட்டும்போதே வீட்டில் முணுமுணுப்புக் கிளம்பினால், அதுவும் நல்லதுதான். குட்டி இன்னும் வரவில்லையே! அப்போது வேண்டாம் என்று முடிவு செய்தால் யாருக்கும் பாவமில்லை.

எத்தனை நாள் ஆகும் என்கிறீர்களா? பெரும்பாலான குட்டிகள் நான்கிலிருந்து ஆறு மாதத்தில் தேறிவிடும். சில மந்தமானவை ஒரு வருஷம்கூட எடுத்துக்கொள்ளும். நடுவில் பின்னுக்குப் போகவும் போகும். ஐப்பசி மழையில் காலை நனைக்க மாட்டேன் என்று வாசற்படியிலேயே நிற்கும். குடை பிடித்துக்கொண்டு கூடப் போக வேண்டியதுதான். உங்களைக் கண்ட சந்தோஷத்தில் இரண்டு சொட்டு விட்டுவிட்டால், அது குற்றத்தில் சேர்த்தியில்லை. வயது ஏற ஏற நிற்கும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி போகத் தொடங்கினால், திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்; சிறுநீர்த் தாரையில் ஏதாவது கோளாறாக இருக்கலாம்.

ஒரு நாள் நீங்கள் சமையலறையில் கறிகாய் நறுக்கிக்கொண்டிருப்பீர்கள். மணி வந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். பால்கனிக் கதவைப் பார்க்கும். மறுபடியும் உங்களைப் பார்க்கும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு உடனே எழுந்து போங்கள். இத்தனை நாளும் அதற்காக நீங்கள் மணி பார்த்தீர்கள். இனிமேல் மணியே உங்களுக்கு மணி அடித்துச் சொல்லிவிடும்.

"அதெல்லாம் சரி, செருப்பைக் கடித்துக் குதறுகிறதே, அதற்கு என்ன வழி?" என்கிறீர்களா? அது இன்னொரு வாரத்துச் சமாசாரம். அது வரையில் செருப்பை உயரத்தில் வையுங்கள்!